பேணுதலுக்கு மூன்று நிமிஷம்

மலைக்கோட்டைக்குக் கீழே, பெரிய கடைவீதியிலிருந்து பிரிகிற சந்துகளில் ஒன்றில் பரக்கத் அலி தையல் கடை வைத்திருந்தார். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மெஷின், துணி வெட்ட ஒரு பலகை, சுவரில் ஒரு ஆணி, அவ்வளவுதான். அந்த ஆணியில் பகல் முழுக்க அவருடைய பாக்கெட் கடிகாரம் தொங்கும். ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார ரயில்வே கார்டு சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கியது. நிக்கல்தான், தங்கமில்லை. ஆனாலும் அந்தச் சந்தில் அதற்கு இருந்த மரியாதை தாசில்தாருக்குக்கூடக் கிடைத்திருக்காது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பரக்கத் அலி ரயில் ஜங்ஷன் வரை நடந்தே போய், அங்கிருக்கிற பெரிய கடிகாரத்தோடு அதைச் சரிபார்த்துக்கொண்டு நடந்தே திரும்பி வருவார். வெயில், மழை எதற்காகவும் இது நின்றதில்லை.

கடிகாரத்துக்கு மரியாதை வந்தது ரமலான் மாதத்தால். விடியுமுன் சாப்பிடுகிற சஹர் முடிய இன்னும் எத்தனை நிமிஷம், நோன்பு திறக்க இன்னும் எத்தனை நிமிஷம் என்று அந்தச் சந்தின் நாற்பது வீட்டுக்கும் சொல்கிறவர் அவர்தான். விடிவதற்கு முன்னால் சந்தில் நடந்துகொண்டே, "பத்து நிமிஷந்தான் இருக்கு, சாப்பிடுறவங்க சாப்பிட்டுக்குங்க" என்று குரல் கொடுப்பார். மாலையில் சந்துக் கோடியில் இருக்கிற சின்னப் பள்ளிவாசலில், கஞ்சிக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு மிச்ச நேரம் சொல்வார். "நேரமாச்சு, பிஸ்மில்லா" என்று அவர் சொன்ன பிறகுதான் ஒரு கை அசையும். மோதினார்கூட ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டுதான் பாங்கு சொல்ல எழுந்து போவார். இருபது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் நடந்து வந்தது. சம்பளம் கிடையாது, சால்வை கிடையாது. "பாய் சொன்னா சரியா இருக்கும்" என்று நாலு பேர் சொல்வதுதான் அவருக்குக் கிடைத்தது. அவருக்கு அது போதும். சொல்லப்போனால் அதைத் தவிர அவரிடம் வேறு சொத்தும் இல்லை.

யுத்தம் வந்து அந்த மரியாதையை இன்னும் கூட்டிவிட்டது. சண்டைக்காகச் சர்க்கார் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. ஆபீசில் புது மணி, வீட்டில் பழைய மணி. பள்ளிவாசலின் சுவர்க் கடிகாரத்தை ஒருவர் முன்னால் திருப்பி வைப்பார், இன்னொருவர் வந்து பின்னால் திருப்புவார். கடைசியில் அது எந்த மணியும் காட்டாத நிலைக்கு வந்து சேர்ந்தது. மணி என்ன என்று யாரைக் கேட்டாலும் இரண்டு பதில் வந்தது. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் ஒரே பதில்தான், ஏனென்றால் மிச்சத்துக்குப் புது மணி பழைய மணி கிடையாது. அதனால் எல்லாரும் பரக்கத் அலியிடம் மிச்சத்தையே கேட்கப் பழகினார்கள்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஒரு நாள் சாயங்காலம், ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா சவரிநாதன் கடைக்கு வந்தார். அவருடைய கோட்டு, அவருடைய மாமனாரின் கோட்டு எல்லாம் பரக்கத் அலி தைத்தவைதான். பாலக்கரையில் கத்தோலிக்க இளைஞர்கள் ஒரு வாசகசாலை நடத்தினார்கள். மாதா திருநாளை ஒட்டி அங்கே வருஷா வருஷம் சீட்டாட்டப் பந்தயம் நடக்கும். சவரிநாதன்தான் அதற்குக் காரியதரிசி.

"பாய், உங்களுக்குச் சீட்டு ஆடத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அதுக்குத்தான் வந்தேன்."

விஷயம் இதுதான். ஆட்டம் முந்நூற்று நாலு. மேஜைக்கு நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு கட்சி. ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிஷம். மணி அடித்ததும் யார் கையில் அதிக ஆட்டம் இருக்கிறதோ அவர்களுக்கு வெற்றி. மணி அடிக்கும்போது பாதியில் நிற்கிற ஆட்டம் கணக்கில் வராது. அதனால் மிச்ச நேரம் தெரியாமல் யாராலும் ஆட முடியாது. கூடத்தில் கடிகாரத்தை மாட்டி வைத்தால், முன்னால் இருக்கிற கட்சி அதைப் பார்த்துக்கொண்டே சீட்டைப் போடாமல் மூக்கைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறது. போன வருஷம் கடிகாரத்தை எடுத்துவிட்டு, மிச்சம் சொல்ல ஓர் ஆளைப் போட்டார்கள். அவன் தன் மச்சான் ஆடுகிற மேஜைக்கு மட்டும் காதோரமாக அடிக்கடி சொன்னான் என்று சண்டை வந்து, ஒரு பெஞ்சு உடைந்தது.

"அதனால சீட்டே தெரியாத ஆளு வேணும். மச்சான் இல்லாத ஆளு வேணும். சொன்னா சொன்ன நேரம் சரியா இருக்கணும். ஊர்ல யாரைக் கேட்டாலும் உங்க பேரைத்தான் சொல்றாங்க."

பரக்கத் அலிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார். "பணம் வச்சு ஆடுறதா சார்?"

"தம்பிடி கிடையாது. ஜெயிச்சா ஒரு கோப்பை. அதுவும் வெள்ளி முலாம்தான்."

அப்படியானால் சரி என்று ஒப்புக்கொண்டார். வீட்டில் ஹாஜிராவிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"சீட்டாடுற இடத்துக்கா போறீங்க?"

"ஆடவா போறேன்? எவ்வளவு நேரம் இருக்குன்னு சொல்லப் போறேன்."

ஹாஜிரா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் அரிசியை உலையில் போட்டாள்.

பந்தயம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் எட்டு மேஜை. பக்கத்து அறையில் சவரிநாதன் சுவர்க் கடிகாரத்தையும் வெண்கல மணியையும் வைத்துக்கொண்டு முடிவுகளை எழுதிக்கொண்டிருப்பார். நாற்பது நிமிஷம் ஆனதும் மணி அடிப்பது அவர் வேலை. மேஜைகளுக்கு நடுவே நடந்து பதினைந்து, பத்து, ஐந்து, இரண்டு என்று மிச்சம் சொல்வது பரக்கத் அலி வேலை. ஆட்டம் தொடங்குமுன் அவருடைய கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒரு நொடி பிசகாமல் ஓடின.

முதல் ஞாயிறு பெரிய வம்பில்லாமல் போனது. ஒரு சின்ன விஷயம் மட்டும் ஆடுகிறவர்களைக் குழப்பியது. பரக்கத் அலி "ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பார். கையில் இருக்கிற ஆட்டத்தை அவசர அவசரமாக முடிப்பார்கள். மணி அடிக்காது. அறைப்பக்கம் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். அப்போதும் அடிக்காது. "பாய், ரெண்டு நிமிஷம் ஆயிருக்குமே?" என்று யாராவது கேட்டால், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இல்லீங்க, கொஞ்சம் இருக்கு" என்பார். காத்திருக்கும்போது நேரம் நீளமாகத்தான் தெரியும் என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

இரண்டாம் ஞாயிறு இறுதிச் சுற்று. ஒரு பக்கம் அற்புதசாமி. பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடைக்காரர், அந்தப் பந்தயத்தில் மூன்று வருஷமாக இறுதிச் சுற்று வரை வந்து தோற்றுக்கொண்டிருந்தவர். எதிர்க் கட்சியில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஆராவமுதன், ரயில்வே கணக்கு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடிதண்ணீரைக் கூஜாவில் கூடவே கொண்டு வருவார், சீட்டை மட்டும் யார் கையிலிருந்தும் வாங்கிக்கொள்வார். கூட ஆடியவர்கள் இருவரும் வாய் பேசாத ஆசாமிகள், நமக்கு அவர்கள் வேண்டாம்.

நாலு ஐம்பதுக்கு ஆரம்பித்தார்கள். ஐந்து முப்பதுக்கு மணி. அற்புதசாமி ஓர் ஆட்டம் பின்தங்கியிருந்தார். புது ஆட்டத்துக்குச் சீட்டு போட்டு எடுத்தபோது, பரக்கத் அலி மேஜைப் பக்கம் வந்து, "ரெண்டு நிமிஷம்" என்றார்.

ஓர் ஆட்டம் முடியவே இரண்டு நிமிஷம் போதாது. இதுதான் கடைசிச் சீட்டு. சாதாரணமாகப் புள்ளி கேட்டு வென்றால் சமமாகும், கோப்பை வராது. பெரிதாகக் கேட்டு வென்றால் இரண்டு ஆட்டமாகக் கணக்கு. தோற்றால் இரண்டு போய்விடும். கையில் இருந்த துருப்பு அவ்வளவு தைரியம் தருகிற துருப்பு இல்லை. இருந்தும், வேறு வழியில்லாமல், பெரிதாகக் கேட்டார். விறுவிறுவென்று சீட்டை இறக்கினார். மூன்றாவது பிடியிலேயே ஆராவமுதன் வெட்டினார். ஆட்டம் போயிற்று.

அற்புதசாமி நாற்காலியில் சாய்ந்துகொண்டு மணிக்காகக் காத்திருந்தார். மணி அடிக்கவில்லை. ஆராவமுதன் நிதானமாக ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னொண்ணு போடலாமே, நேரம் இருக்கு" என்று சீட்டைக் கலைத்துப் போட்டார். இந்தத் தடவை அற்புதசாமியின் கைக்கு வந்த சீட்டு, ஆயுசில் ஒரு தடவை வருகிற சீட்டு. ஆடினார், வென்றார். கடைசிச் சீட்டு விழுந்தபோது மணி அடித்தது. கணக்குப் பார்த்தால் இரண்டு ஆட்டம் குறைவு, கோப்பை ஸ்ரீரங்கத்துக்கு.

அதற்குப் பிறகு நடந்த விசாரணை போல ஒரு விசாரணை அந்த வாசகசாலையில் நடந்ததில்லை. "ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டு ரெண்டு ஆட்டம் நடந்திருக்கு" என்றார் அற்புதசாமி. கத்தவில்லை, கத்தியிருந்தால் பரவாயில்லை. சவரிநாதன் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். பரக்கத் அலி தன்னுடையதை எடுத்து வைத்தார். இரண்டும் ஒன்றாகவே ஓடின. மணி ஐந்து முப்பதுக்குச் சரியாக அடித்ததை வாசலில் நின்ற மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். பரக்கத் அலி குர்ஆன் மேல் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார், கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று. இந்தக் கடிகாரம் சரி, அந்தக் கடிகாரம் சரி, ஆளும் யோக்கியமான ஆள். அப்படியானால் நேரம் எங்கே போனது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. எல்லாரையும்விட அதிகமாகக் குழம்பி நின்றவர் பரக்கத் அலிதான்.

கோப்பையை மடியில் வைத்திருந்த ஆராவமுதன் தொண்டையைக் கனைத்தார். "அவர் சொல்றதுக்கு மேலே மூணு நிமிஷம் உண்டு. போன வாரம் முதல் சுத்துலயே எங்களுக்குத் தெரிஞ்சுடுத்து. ஒவ்வொரு தடவையும் அதே மூணு. அதை வெச்சுண்டுதான் நாங்க நிதானமா ஆடினோம். வெளியிலே சொல்லணும்னு ரூல் இல்லையே."

சவரிநாதன் பரக்கத் அலி பக்கம் திரும்பினார். "பாய், ஆறு மணிக்கு நான் மணி அடிக்கப் போறேன்னு வச்சுக்குங்க. இப்ப என்ன சொல்லுவீங்க?"

பரக்கத் அலி கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு நிமிஷம்."

"இப்ப மணி என்ன?"

"அஞ்சு அம்பது."

"ஆறுக்கு எத்தனை இருக்கு?"

"பத்து."

"அப்ப ஏழுன்னீங்களே?"

"பேணுதலுக்கு மூணு போக ஏழு" என்றார் பரக்கத் அலி, உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதுபோல. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

அந்த மூன்று நிமிஷம் வந்த கதை பழைய கதை. இருபத்திரண்டாம் வருஷம், அவர் மிச்சம் சொல்ல ஆரம்பித்த முதல் ரமலான். ஒரு நாள் விடிகாலையில், சஹர் முடிய இரண்டு நிமிஷம் இருக்கிறது என்று சந்தெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். ஜனங்களும் நம்பிக் கடைசி வாய் சாப்பிட்டார்கள். சந்தை விட்டு வெளியே வந்து பார்த்தால் கிழக்கு வெளுத்திருந்தது. கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. நாற்பது வீட்டுக்காரர்களும் அந்த ஒரு நோன்பை ரமலான் முடிந்த பிறகு மறுபடி வைத்தார்கள். அதற்கு அங்கே களா என்று பேர். ஒருவர்கூட அவரைத் திட்டவில்லை. திட்டாததுதான் அவருக்குத் தாங்கவில்லை. என் வாய்ச்சொல்லால் இன்னொரு நோன்பு கெடக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தார். சஹருக்கு மூன்று நிமிஷம் குறைத்துச் சொன்னார், நோன்பு திறக்க மூன்று நிமிஷம் கூட்டிச் சொன்னார். தப்பு வராமல் இருக்க விடுகிற அந்த இடைவெளிக்குத்தான் பேணுதல் என்று பேர். முதலில் யோசித்துச் செய்தார். நாலைந்து வருஷத்தில் யோசிப்பதும் நின்றது. கண் கடிகாரத்தைப் பார்க்கும், வாய் தானாக மூன்றைக் கழித்துக்கொள்ளும்.

"மூணு நிமிஷத்தை நீங்களே எடுத்துக்கிட்டீங்களா பாய்?" என்றார் அற்புதசாமி.

"எடுக்கலீங்க. சட்டை வெட்டுறப்ப தையலுக்கு ரெண்டு விரக்கடை விட்டுத்தான் வெட்டுவோம். அந்த மாதிரிதான்." கூலியாகத் தருவதாகச் சொல்லியிருந்த வேட்டியை வாங்காமலே பாலக்கரையிலிருந்து நடந்து வீட்டுக்கு வந்தார்.

அற்புதசாமியின் ஜவுளிக்கடைக்கு அடுத்த கடை நிஜாமுதீனின் அத்தர் கடை. சின்னப் பள்ளிவாசலின் நிர்வாகத்தைப் பார்க்கிற முத்தவல்லியும் நிஜாமுதீன்தான். திங்கட்கிழமை காலையில் கடை திறந்த உடனே கதை சுவர் தாண்டிவிட்டது. மத்தியானத்துக்குள் சந்து முழுக்கப் பரவிவிட்டது. சிலர் சிரித்தார்கள். சிலர் இருபது வருஷத்துக் கஞ்சியைக் கணக்குப் போட்டார்கள், ஒரு நாளைக்கு மூன்று நிமிஷம், ஒரு ரமலானுக்கு ஒன்றரை மணி நேரம் வீண் பட்டினி என்று. இன்னும் சிலர், அப்படியானால் நம் நோன்பெல்லாம் சரிதானா என்று பயந்து மார்க்கம் படித்த ஆலிம்சாவிடம் போனார்கள். நோன்பு எல்லாம் சரிதான், ஆனால் நேரம் வந்த பிறகு திறக்காமல் தள்ளிப் போடுவது நல்லதில்லை, வந்ததும் திறப்பதுதான் சுன்னத், நபி காட்டிய வழி என்று அவர் சொல்லி அனுப்பினார். புதன்கிழமை பிறை பார்க்க வேண்டும், வியாழக்கிழமை முதல் நோன்பு.

நிஜாமுதீன் தையல் கடைக்கே வந்து பலகையில் உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு வயது, அந்தப் பழைய களாவுக்குப் பிறகு சந்துக்குக் குடி வந்தவர். ஏழு வயதில் பிடித்த முதல் நோன்பிலிருந்து ஒன்றைக்கூட விடாதவர் என்று அவரை ஊருக்குள் காட்டிச் சொல்வார்கள்.

"பாய், உங்க மேல யாருக்கும் கோவம் இல்லே. இந்த வருஷம் உள்ள நேரத்தை உள்ளபடி சொல்லிடுங்க. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

"சொல்றேன்."

"உங்களுக்கே தெரியாம வந்துடுதுன்னு சொன்னாங்களே?"

"முயற்சி பண்றேன். இன்ஷா அல்லாஹ்."

நிஜாமுதீன் தலையை ஆட்டினார். அந்த முயற்சியில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்தது. பள்ளிவாசல் சுவர்க் கடிகாரத்தை இனி யாரும் தொட வேண்டாம் என்று ஏற்பாடு செய்யலாமா என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனார், அதைச் செய்யவும் இல்லை.

அன்று முழுக்கப் பரக்கத் அலிக்கு ஊசி நூல் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து ஹாஜிராவிடம் கேட்டார். "உனக்குத் தெரியுமா இது?"

"எது, மூணு நிமிஷமா? இத்தனை வருஷமா உங்க கூடக் குடித்தனம் பண்றேன். அடுத்த தெருப் பள்ளிவாசல்ல பாங்கு சத்தம் கேட்ட அப்புறந்தானே நீங்க பிஸ்மில்லா சொல்றீங்க. அந்தப் பள்ளிதான் அவசரப்படுதுன்னு மத்தவங்க நெனைச்சுக்கிட்டாங்க."

"ஏன் சொல்லலே?"

"சொன்னா நீங்க அஞ்சாக்கிடுவீங்கன்னு பயந்தேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளையே கேள்வி கேட்கச் சொல்லிப் பழகிப் பார்த்தார். "பத்து மணிக்கு எவ்வளவு இருக்கு?" என்பாள். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார். தப்பாக இருக்கும். அடுத்த தடவை ஜாக்கிரதையாகச் சொன்னால், கழிக்கக் கூடாது என்ற பயத்தில் மூன்றைக் கூட்டியிருப்பார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். நோன்பு திறக்கிற நேரத்தைத் தையல் சாக்கட்டியால் சட்டைக் கையில் எழுதிக்கொள்வது, கடிகாரத்தையும் கையையும் பார்த்து விரல் விட்டு எண்ணி, அந்த எண்ணை மட்டும் சொல்வது. வியாழக்கிழமை விடிகாலை சஹருக்கு இப்படியே சொன்னார், சரியாக வந்தது.

மாலையில் பள்ளிவாசல் வராந்தாவில் முப்பது பேர் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வானம் மூடிக்கிடந்தது, சூரியன் இருக்கிற திசையே தெரியவில்லை. சண்டைக் காலமாதலால் பெரிய பள்ளிவாசல்களில் நோன்பு திறக்க வேட்டுப் போடுவதையும் நிறுத்தியிருந்தார்கள். காற்று எதிர்ப்பக்கமாக அடித்ததால் அடுத்த பள்ளி பாங்கையும் நம்ப முடியாது. எல்லாருக்கும் பரக்கத் அலியின் வாய்தான் கடிகாரம்.

"எவ்வளவு பாய்?" என்றார் நிஜாமுதீன்.

பரக்கத் அலி சட்டைக் கையைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். "அஞ்சு."

"உள்ளபடியா?"

"உள்ளபடி அஞ்சு."

வரிசையில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. நிஜாமுதீனும் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். இருபது வருஷத்துப் பழக்கம் மூன்று நாளில் போகுமா? கழிக்கிறோம் கூட்டுகிறோம் என்பதே தெரியாமல் கூட்டுகிற மனுஷர் உள்ளபடி என்று சொன்னால் மட்டும் அது உள்ளபடி ஆகிவிடுமா? ஐந்து என்றால் இரண்டு. பக்கத்தில் இருந்தவரிடமும் குனிந்து அதைச் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார்.

பரக்கத் அலி குனிந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷம் போனது. "பிஸ்மில்லா" என்று ஒரு குரல் கேட்டது. தலையை நிமிர்த்துவதற்குள் நிஜாமுதீன் பேரீச்சம்பழத்தைக் கடித்திருந்தார். முத்தவல்லி கடித்ததைப் பார்த்து அந்த வரிசையில் பத்துப் பேர் கிண்ணத்தைத் தூக்கிவிட்டார்கள்.

"இன்னும் மூணு இருக்கு" என்றார் பரக்கத் அலி.

கைகள் அப்படியே நின்றன. இந்த மூன்று நிஜ மூன்றா, பேணுதல் மூன்றா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாயில் இருப்பதை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் ஒருவர் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டார். சாப்பிடாமல் இருந்தவர்களுக்கும் எதை நம்புவது என்று தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நிமிஷம் கழித்து, காற்று ஒரு கணம் திரும்பியபோது, அடுத்த பள்ளியின் பாங்கு மெலிதாக வந்தது. சட்டைக் கையில் எழுதியிருந்த நிமிஷமும் அதுதான்.

நிஜாமுதீன் கையில் இருந்த பேரீச்சங்கொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காய்ச்சல்லகூட ஒண்ணு விட்டதில்லே பாய்" என்றார். அவரும் திட்டவில்லை.

அன்று ராத்திரி பரக்கத் அலிக்குச் சோறு இறங்கவில்லை. எவ்வளவு யோசித்தும் அவருக்கு இது பிடிபடவில்லை. இருபது வருஷம் இல்லாததைச் சொன்னேன், ஒருவர் நோன்பும் கெடவில்லை. ஒரு நாள் உள்ளதைச் சொன்னேன், பதினொரு நோன்பு போயிற்று. இதில் என் தப்பு எது? உள்ளதைச் சொன்னதா, இத்தனை நாள் இல்லாததைச் சொன்னதா? மறுபடி மூன்றைக் கூட்டினால் அதை நாலு பேர் கழிப்பார்கள், நாலு பேர் கழிக்க மாட்டார்கள். கூட்டாவிட்டாலும் அதேதான். இனி எந்த எண்ணைச் சொன்னாலும் கேட்கிறவன் காதில் அது வேறு எண்ணாகத்தான் விழும். அவருக்கு அழுகை வந்தது, ஹாஜிரா பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் பார்க்காமலும் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து முதல் தடவையாக அவர் ஜங்ஷனுக்குப் போகவில்லை. மாலையில் பள்ளிவாசலுக்குப் போகவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தவரை ஹாஜிராதான் தொப்பியை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். "போங்க. நீங்க போகலேன்னா அவங்க எப்ப சாப்பிடுவாங்க?"

அவர் நேராக நிஜாமுதீனிடம் போய், சங்கிலியோடு கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தார். "நீங்களே வச்சுக்குங்க. நான் இனிமே ஒண்ணும் சொல்லலே. என் வாய்க்கு வெலை போயிடுச்சு."

நிஜாமுதீன் கடிகாரத்தை எடுத்து, திருப்பி அவர் மடியிலேயே வைத்தார். "நேத்து நான் உங்களைக் கேட்டேன், நீங்க சொன்னீங்க. கேட்டுட்டு நம்பாதது நான்தானே. உங்களைக் கேட்டதுதான் தப்பு. இனிமே கேட்க மாட்டோம். நீங்க எங்களுக்கு எதிர்க்க உக்காருங்க. நீங்க எப்ப வாயில வைக்கிறீங்களோ அப்ப நாங்களும் வைக்கிறோம். உங்க நோன்பை நீங்க கெடுத்துக்க மாட்டீங்க, அது எல்லாருக்கும் தெரியும்."

பரக்கத் அலி இரண்டு வரிசைக்கும் எதிரே, தனியாக, ஒரு கிண்ணத்தோடு உட்கார்ந்தார். யாரும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கவில்லை. முப்பது ஜோடிக் கண்ணும் அவர் கையையே பார்த்தன. வலது கையில் பேரீச்சம்பழம், இடது கையில் கடிகாரம். முள், சட்டைக் கையில் சாக்கட்டியால் எழுதியிருந்த நிமிஷத்துக்கு வந்து நின்றது. அவர் கையைத் தூக்கினார். பாதியில் கை நின்றுவிட்டது. கடிகாரத்தை ஜங்ஷனில் இன்றைக்குச் சரிபார்க்கவில்லையே என்று நினைத்தார். இருபத்திரண்டாம் வருஷத்துக் கிழக்கு வெளுப்பை நினைத்தார். முள் இன்னொரு நிமிஷம் நகர்ந்தது. அடுத்த பள்ளியின் பாங்கு தெளிவாகவே கேட்டது. எல்லார் காதிலும் விழுந்தது. ஒரு கையும் கிண்ணத்துக்குப் போகவில்லை.

மூன்று நிமிஷம் ஆனது. பரக்கத் அலி பழத்தை வாயில் வைத்தார். அதன் பிறகுதான் நிஜாமுதீன் வைத்தார்.